விறகை எடை போட்டு விற்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் அகற்றப்படும் சீகை (வாட்டில்) மரங்கள் கணப்பு அடுப்புக்கும் வெந்நீர் அடுப்புக்கும் விறகாகப் போவது நல்லதுதான். விற்கும் முறைதான் கோளாறு. வெட்டிய ஈரம் காயுமுன்பே எடை போட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். பச்சைச் சீகையின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை தண்ணீர். 100 கிலோ வாங்குகிறவர் 45 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே 6 கிலோ காய்ந்த மரத்தின் சூடு செலவாகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஈரத்தால் தீ சூடேறாமல், எரிய வேண்டிய வாயு புகையாகப் போய் புகைபோக்கியின் உள்சுவரில் தாராகப் படிகிறதே, அதுதான் பெரிய கேடு. படிவு 3 மி.மீ. தாண்டினால் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். குளிர் தொடங்குமுன் ஒருமுறை கம்பித் தூரிகை விட்டுச் சுரண்டியாக வேண்டும்.

விறகு வெட்ட ஏற்ற காலம் ஜனவரி. பட்டா நிலத்து மரமானாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு கோடாரியை எடுப்பது நல்லது. வெட்டியதை 12 முதல் 16 அங்குல நீளத்துக்கு அறுத்து, பச்சையாக இருக்கும்போதே 3, 4 அங்குலக் கனத்துக்குப் பிளந்துவிட வேண்டும். கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) இது இன்னும் முக்கியம். அதன் நார் பின்னிக்கொண்டு ஓடுவதால், காய்ந்தபின் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. உருட்டுக் கட்டையாகவே போட்டு வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. வெளியே காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஊறிக் கிடக்கும்.

தரையில் அடுக்கக் கூடாது. இரண்டு கழிகளைக் கிடத்தி, அரையடி உயரத்தில், காற்றடிக்கும் பக்கம் பார்த்து ஒற்றை வரிசையாக அடுக்க வேண்டும். மேலே தகரம் போதும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிக் கட்டுகிறார்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிப்பதற்கு வேறு காரணமே வேண்டாம். ஏப்ரல் வரையிலான வெயிலில் பாதி வேலை முடியும். இரண்டு பருவமழையையும் கூரைக்கடியில் கடத்தினால் அடுத்த குளிருக்கு விறகு தயார். சந்தேகமென்றால் ஐந்தாறு துண்டுகளில் குறியிட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் சரி. இரண்டை மோதினால் காய்ந்தது கணீரென்னும், ஈர விறகு சொத்தென்னும். முனை வெடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் பிளந்து தொட்டுப் பாருங்கள்.

இறைச்சிக்குப் புகை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. கற்பூர மரத்தின் எண்ணெய் கறியில் ஏறினால் மருந்து வாடைதான். பைன், சைப்ரஸ் போன்றவை பிசின் மரங்கள், ஆகாது. அரளி நஞ்சு, அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பழைய பெயின்ட் பலகையும் வேண்டாம். கவாத்தில் கழித்த காப்பிக் கட்டையும் கொய்யாவும் அருமையானவை; பட்டை உரித்துக் காய்ந்த சீகையும் உதவும். வெள்ளை வெளேரென்று திரண்டு வரும் புகை கசப்பைத்தான் ஏற்றும். மெல்லிய நீலப் புகை வந்தபிறகே கறியைத் தொங்கவிட வேண்டும். கிலோவுக்கு 40 கிராம் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி ஓர் இரவு வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துக் காற்றில் உலர்த்திவிட்டுத் தொங்கவிடுவது வழக்கம். ஈரத்தோடு தொங்கவிட்டால் கரிதான் ஒட்டும். இந்த மிதமான புகையில் கறி வேகாது என்பதை மறந்துவிடக் கூடாது; குறிப்பாகப் பன்றிக்கறியைப் பிறகு நன்றாக வேகவைத்தே தின்ன வேண்டும்.

ஈர விறகின் புகை தாங்காமல், அடுப்புக் கரியை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. கரி புகையாது, ஆனால் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சட்டி எவ்வளவு சிறிதானாலும் மூடிய அறைக்குள் அது கூடாது.

விறகு விற்பனையை எடையிலிருந்து அடுக்கு அளவுக்கு மாற்றும்படி வனத்துறையையும் கிடங்கு வைத்திருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறோம். நீளம், அகலம், உயரம் ஒரு மீட்டர் என்ற அடுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைக்கலாம். காயும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு போகலாம், அடுக்கின் அளவு கொஞ்சம்தான் சுருங்கும்; ஈரத்துக்கு விலை கிடைக்காது என்றானபின் உலர்த்தி விற்க யாரும் தயங்க மாட்டார்கள். இதிலும் ஏமாற்ற வழி உண்டு: குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நடுவே ஓட்டை விடுவார்கள். எல்லாத் துண்டும் ஒரே திசையில், நெருக்கமாக என்று விலைப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும். வெட்டிய மாதத்தையும் பக்கத்திலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
விறகு வாங்கும் வாசகர்கள்,
கோத்தகிரி