போனில் பாதிதான் சொன்னேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டியூட்டி முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வருகிறதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

போன வாரம் நீ போன் செய்து, "மழை எப்படிப்பா? தோட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்ல மழை தாயி, ஒரு குறையும் இல்ல" என்று சொன்னேன். நல்ல மழை என்றது உண்மைதான். குறையில்லை என்றது உண்மை இல்லை. போனை வைத்ததும் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவ என்ன ஊருக்கு வந்த விருந்தாளியா? கிழங்குக் காட்டுல தவழ்ந்த பிள்ளை. அவகிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன் மாமா மகன் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறான். அவனிடம் கொடுத்துவிடும் பைக்குள் இதையும் வைக்கிறேன்.

ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு தடவை கேரட் விலை விழுந்தபோது உன்னிடம் வாய்விட்டுப் புலம்பினேன். மறுநாளே பணம் அனுப்பினாய். அது உன் சம்பளம் இல்லை, கூட வேலை பார்க்கும் பிள்ளையிடம் நீ வாங்கிய கைமாற்று என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து உன்னிடம் நல்லதை மட்டும் சொல்லப் பழகிவிட்டேன்.

நம் கொடைக்கானல் மலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் வருவது நாலு நாள் இடித்துக் கொட்டிவிட்டு ஒதுங்கிவிடும். இந்த வருடம் பங்குனிக் கடைசியிலேயே பிடித்துக்கொண்டு 19 நாள் விடவில்லை. காலையில் பார்த்தால் பளிச்சென்று வெயில் அடிக்கும். குழந்தை வேலப்பர் கோயில் பக்கமிருந்து பார்த்தால் பூம்பாறை முழுக்க அடுக்கடுக்காகத் துலங்கும். பதினோரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறும். இரண்டு மணிக்கு முதல் இடி. அப்புறம் இருட்டும் வரை மழைதான்.

தை கடைசியில் மேல்காட்டில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு ஊன்றினோமே, 45 கிலோ மூட்டையில் 14 மூட்டை விதை. மண் அணைத்து முடித்தபோது செடி முழங்கால் உயரம் தளதளவென்று நின்றது. அந்த அழகைப் பார்த்து உன் தம்பி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினான், ஞாபகம் இருக்கும். அதற்குப் பத்தாவது நாள் காலையில் வரப்பில் நடந்தபோது ஒரு வாடை வந்தது. செடி அழுகும் வாடை. உனக்குத் தெரியாத வாடையா அது! குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். மேலே வெந்நீர் பட்டது போலக் கரும்பழுப்புத் திட்டு. அடியில் அந்தத் திட்டைச் சுற்றி மாவு தூவினாற்போல வெள்ளைப் பூப்பு. விரலால் தொட்டால் ஈரமாக ஒட்டியது. பக்கத்துச் செடியில் இரண்டு இலை, அதற்கடுத்ததில் ஒன்று. கருகல் நோய்தான்.

அன்றைக்கே மருந்தடித்தேன். ஒட்டுப்பசை கலந்துதான் அடித்தேன். மூன்று மணி மழை அத்தனையையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து விடிந்ததும் திரும்ப அடித்தோம். இலையில் ஈரம் காயாமல் இருக்கும் வரை இந்த நோய்க்குக் கொண்டாட்டம். நாலே நாளில் கீழ்ப்பாதி முழுக்கத் தீய்ந்தது போலாகிவிட்டது. இலையிலிருந்து கிழங்குக்கு இறங்குவதற்குள் செடியை அறுத்துவிடுவோம் என்று உன் சித்தப்பா சொன்னார். மனசு ஒப்பவில்லை. எழுபது நாள் செடி தாயி, கிழங்கு பருக்கிற நேரம். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. நாங்கள் நாலு பேரும் அரிவாளோடு இறங்கி, ஒரே நாளில் தண்டை எல்லாம் அடியோடு அறுத்து அள்ளிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினோம். தோல் இறுகட்டும் என்று பத்து நாள் மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்துத் தோண்டினோம். 80 மூட்டை வர வேண்டிய காட்டில் 34 மூட்டை வந்தது. எல்லாம் நெல்லிக்காய்க்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஓர் அளவு. மட்டக்குதிரை நடை நடையாக மொத்தத்தையும் ரோட்டுக்கு இறக்கிவிட்டது. அன்று வேனில் சரக்கை ஏற்றும்போது டிரைவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை.

இது ஒன்று. இன்னொன்று கல்கட்டு.

மூன்றாவது அடுக்கின் கல்கட்டு, உன் தாத்தா கட்டியது, பேரிக்காய் மரத்தடியிலிருந்து ஓடைப்பக்கம் வரை பதினைந்து அடிக்குச் சரிந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கரண்டு இல்லை. திடுமென்று ஒரு சத்தம், அடிவயிற்றில் உணர்கிற மாதிரி. காட்டுமாடு வேலியை முட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லும் மண்ணும் கேரட் பாத்தி மேல் கிடக்கிறது. கஜா புயல் வந்த 2018-லேயே அசையாமல் நின்ற கட்டு அது. அன்று ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்க, நீயும் நானும் இதன் மேல் நின்றுதான் பள்ளத்தைப் பார்த்தோம்.

காலையில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தாத்தா கட்டும்போது அடிவரிசையில் மூன்றடிக்கு ஒரு துளை விட்டிருந்தார், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு. வருடா வருடம் மழைக்கு முன்னால் கம்பி விட்டுக் குத்தி அதைச் சுத்தம் செய்வார். அவர் போன பிறகு நான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடமாகச் செய்யவில்லை. பேரிக்காய் வேர் துளைக்குள் புகுந்து மண்ணைப் பிடித்து அடைத்துவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் மண் உப்பித் தள்ளியிருக்கிறது. மழையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது என் தவறு. இதைத்தான் உன்னிடம் சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

திரும்பக் கட்டிவிட்டோம். ஆள் விடவில்லை. சித்தப்பா, நான், உன் தம்பி மூன்று பேரும் ஆறு நாள் காலை நேரத்தில் மட்டும் வேலை பார்த்தோம். பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன். படுத்துக் கிடப்பான் என்று நினைத்தேன். முதல் நாள் கையில் கொப்புளம். இரண்டாம் நாள் துணி சுற்றிக்கொண்டு வந்தான். பெரிய கல்லை அடியில் போட்டு, சற்று உள்பக்கம் சாய்த்து, இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் மூன்றாவது கல் உட்காரும்படி வைக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் மண்ணைக் கொட்டாமல் சின்னக் கல்லாகப் போட்டு நிரப்ப வேண்டும். இதெல்லாம் தாத்தா எனக்குச் சொன்ன வரிசையிலேயே அவனுக்குச் சொன்னேன். துளை விடும் இடத்தை அவனே அளந்து வைத்தான். கட்டி முடித்த அன்று சாயங்காலம் மழை பெய்தபோது குடையை எடுத்துக்கொண்டு போய் நின்றான். திரும்பி வந்து, "அஞ்சு ஓட்டையிலயும் தண்ணி வருதுப்பா" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சரி, நல்லதையும் சொல்கிறேன். விதைப்பூண்டு தப்பிவிட்டது. அடுப்புக்கு மேலே பரணில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறதே, அங்கே ஓட்டில் ஒழுகி ஒரு கட்டு நனைந்திருந்தது. உன் அப்பத்தாதான் நடுராத்திரியில் வாடை மாறுகிறது என்று எழுப்பினாள். எல்லோரும் எழுந்து அத்தனை கட்டையும் கூடத்துக்கு மாற்றிக் கட்டினோம். வீடு முழுக்கப் புகையும் பூண்டும் மணக்க, விடியும் வரை யாரும் தூங்கவில்லை. அப்பத்தா தணலில் நாலு பூண்டைச் சுட்டு, கருப்பட்டிக் காப்பியோடு ஆளுக்கொன்று கொடுத்தாள். 2019-இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நீ அவளுக்குப் படித்துக் காட்டினாய் அல்லவா? அதை அன்று ராத்திரியும் சொன்னாள். "என் பேத்தி படிச்சுக் காட்டினா, வேற எந்த ஊருப் பூண்டுக்கும் இந்தக் காரம் கிடையாது" என்று. இப்போது தினமும் வெயில் அடிக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பல் பிரிக்கிறாள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் நோஞ்சான் பல் எது என்று விரல் சொல்லிவிடுகிறது. அதை மட்டும் தனியே எடுத்துக் குழம்புக்கு வைத்துவிடுகிறாள். அடுத்த வாரம் ஊன்றுகிறோம்.

ஆலங்கட்டியும் ஒரு நாள் விழுந்தது. பேரிப் பிஞ்சில் வடு விழுந்திருக்கிறது, பெரிய சேதம் இல்லை. பீன்ஸ் நன்றாக ஏறுகிறது. ஓடையில் தண்ணீர் நிறைய. செவலைப் பசுவுக்குப் புல்லுக்கு அலைய வேண்டியதில்லை, அரை லிட்டர் கூடவே கறக்கிறது. சீசன் கூட்டத்தால் கொடைக்கானல் ரோடு அடைத்துக் கிடக்கிறது. அதனால் காய்கறி வேனை ராத்திரியிலேயே இறக்கிவிடுகிறார்கள்.

நட்டம் எவ்வளவு என்று நீ கேட்பாய். விதைக்கும் மருந்துக்கும் போட்டதில் பாதி வந்திருக்கிறது. மீதிக்குச் சொசைட்டிக் கடன் இருக்கிறது. புரட்டாசியில் பூண்டு எடுத்ததும் அதைக் கட்டிவிடுவேன். இதை அறிந்துகொள்ளத்தான் சொல்கிறேன் தாயி, பணம் அனுப்ப இல்லை. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், உன் அம்மாவும் என் பக்கம்தான். உனக்கு லீவு கிடைத்தால் பூண்டு எடுக்கும்போது நாலு நாள் வந்து இரு. கட்டுப்போட உன்னைப்போல் யாருக்கும் கை வராது. இனிமேல் போனில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீயும் அங்கே உள்ளதைச் சொல். போன தடவை உன் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றாய். நான் நம்பவில்லை.

பையில் இரண்டு கிலோ பூண்டு இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்காதே, காற்றுப்படத் தொங்கவிடு. அடியில் ஒரு துணிப்பையில் சின்னக் கிழங்கு, மேல்காட்டில் எடுத்ததுதான். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறோம், நோய் பட்டது ஒன்றும் இல்லை. தோல் மெல்லிசு, உரிக்க வேண்டாம். மண் போகக் கழுவி, உப்புப் போட்டு அப்படியே அவித்துச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா