தையல் பிரிந்தால் தாய் மேல்தான் பழியா?

ஆசிரியருக்கு,

சிசேரியன் தையலில் சீழ் வைத்துவிட்டால், தண்ணீர் பட விட்டாயா, கண்டதைச் சாப்பிட்டாயா என்று உடனே தாயைத்தான் குடைகிறார்கள். அறுவை அறைக்குள் போகும் முன்பே பல காரணங்கள் சேர்ந்துவிடுகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை.

உடல் பருமன், சர்க்கரை நோய் (கர்ப்பத்தில் மட்டும் வருவதும் சேர்த்துத்தான்), ரத்தசோகை, புகைப்பழக்கம் எல்லாமே ஆபத்தைக் கூட்டும். பனிக்குடம் உடைந்து, வலியோடு மணிக்கணக்கில் காத்திருந்து, பலமுறை உள்பரிசோதனை செய்து, கடைசியில் அவசரமாக அறுவைக்குப் போகும்போது, கிருமிகள் கருப்பைக்குள் ஏற அதற்குள் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. திட்டமிட்ட சிசேரியனில் இது குறைவு.

சரி, மருத்துவமனை பக்கம்? ஆன்டிபயாடிக் ஊசியை முன்பெல்லாம் தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் பல இடங்களில் போட்டார்கள். வயிற்றில் கீறல் போடுவதற்கு முன்பே, 60 நிமிடங்களுக்குள் போட்டால் தொற்று குறைகிறது என்று தெரிந்தபின் நடைமுறை மாறியது, உலக சுகாதார நிறுவனமும் கீறலுக்கு முன்பே போடத்தான் சொல்கிறது. ரேசரால் மழிப்பது வேண்டாத வேலை, தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால், மழிக்காமல் கத்தரித்து எடுக்கும் கிளிப்பர் கருவி போதும். தோலடிக் கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் தனியாகத் தைக்க வேண்டும்.

அப்புறம், தொற்று பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். சிவந்து வீங்குவது, நாற்றம், காய்ச்சல், குறைய வேண்டிய வலி கூடுவது, இவற்றை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, கூப்பிட ஒரு போன் நம்பரும் கொடுத்தால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகி