பொருள்: ஆட்டோ ஸ்டாண்ட்பை வேலை செய்யாதது, சர்வீஸ் சென்டரின் அலட்சியம் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் வாங்கிய மியூசிக் ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டு எடுத்துப் போடும் கருவி), ஸ்டீரியோ ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) இரண்டும் சம்பந்தமாக கஸ்டமர் கேர், வாட்ஸ்அப், மெயில், சர்வீஸ் சென்டர் என்று எல்லாப் பக்கமும் அலைந்து ஓய்ந்துதான் இதை எழுதுகிறேன். கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள், பழையதை முடிந்தது என்று மூடிவிடுகிறீர்கள். மாடல், சீரியல் நம்பர் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. திரும்ப எழுதப் போவதில்லை.

செட்டிங்ஸில் ஆட்டோ ஸ்டாண்ட்பை, அதாவது பாட்டு நின்றபின் தானாக அணையும் நேரம், 20 நிமிடம் என்றுதான் வைத்திருக்கிறேன். ஸ்ட்ரீமருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் கடைசி அப்டேட் ஏறியதிலிருந்து, பாட்டு நின்று விடிய விடிய ஆனாலும் ஸ்ட்ரீமர் அணைவதில்லை. அது அணையாததால், ஆம்பை ஓட வைக்க ஸ்ட்ரீமர் தனி வயரில் அனுப்பும் 12 வோல்ட் ட்ரிகர் சிக்னலும் நிற்பதில்லை, ஆம்பும் சூடாகவே கிடக்கிறது. வாட் மீட்டர் போட்டுப் பார்த்தால் சும்மா இருக்கும்போதே ஸ்ட்ரீமர் 7 வாட், ஆம்ப் 24 வாட். ஸ்டாண்ட்பைக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே இரண்டரை வாட்டைத் தாண்டாது. தினமும் இரண்டு மணி நேரம் பாட்டு கேட்டாலும், மீதி நேரத்துக்கு மட்டும் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 40 யூனிட் தண்டம். வீட்டில் இன்னொரு சின்ன ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. வெயில் காலத்தில் ஏசியோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே மாறிவிடும். குடும்ப பட்ஜெட்டே உங்களால் கவிழ்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைக் கிண்டி சர்வீஸ் சென்டரில் சொன்னபோது வந்த பதில்: "பாட்டு கேட்காதப்போ ப்ளக்கைப் பிடுங்கி வைங்க சார். இதுக்கெல்லாமா கம்ப்ளைன்ட் எடுத்துக்கிட்டு வருவாங்க?" அந்தக் கனமான பெட்டிகளை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் பேசும் பேச்சா இது? அந்த ஊழியர் செய்த சோதனை அதைவிட மோசம். மேஜையில் லேன் வயரும் (நெட்வொர்க் கேபிள்) இல்லை, வைஃபையும் கொடுக்கவில்லை. வெறும் கரண்டை மட்டும் கொடுத்துவிட்டு, "ஸ்டாண்ட்பை போகுதே, செட் நல்லா இருக்கு" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நெட்வொர்க் இல்லாவிட்டால் போகத்தான் செய்யும்! கோளாறே அங்கேதான் இருக்கிறது.

சோதித்ததை எழுதுகிறேன், உங்கள் இன்ஜினியரிடம் காட்டுங்கள். ட்ரிகர் வயரைக் கழற்றினால் ஆம்ப் உடனே அணைகிறது, ஆக ஆம்பில் குறையில்லை. டிவி சத்தமில்லாத சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்குமோ என்று ஆப்டிகல் கேபிளைக் கழற்றியாயிற்று, மாற்றமில்லை. போனில் ஸ்ட்ரீமரை இயக்கும் ஆப்பை முழுதாக மூடியாயிற்று, மாற்றமில்லை. லேன் வயரை உருவியதும் சரியாக 20-வது நிமிடத்தில் ரிலே (உள்ளே இருக்கும் சுவிட்ச்) 'டக்' என்று விழுந்து ஸ்ட்ரீமர் அணைகிறது. ரவுட்டரில் மற்ற கருவிகளோடு சேராத கெஸ்ட் வைஃபையில் தனியாக விட்டாலும் அணைகிறது, ஆனால் அப்போது ஆப்புக்கு ஸ்ட்ரீமரே தெரிவதில்லை. டிவி, போன், பிரின்டர் எல்லாம் 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று நெட்வொர்க்கில் ஓயாமல் கூப்பிடும் பாக்கெட் (சிறு தகவல் துண்டு) ஒவ்வொன்றையும் புதிய ஃபர்ம்வேர் 'ஆள் பயன்படுத்துகிறார்' என்று எடுத்துக்கொண்டு டைமரை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறது என்றே இதிலிருந்து படுகிறது. பழைய ஃபர்ம்வேரில் இந்தத் தொல்லை இல்லை.

ப்ளக்கைப் பிடுங்குவதும் தீர்வல்ல. ஸ்ட்ரீமர் அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம். அப்போது வாரன்டி இல்லை என்று சொல்லப் போவதும் நீங்கள்தான். ஆம்புக்குத் திரும்பக் கரண்ட் கொடுக்கும்போதெல்லாம் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் இழுத்து, ப்ளக் முனையில் பொறி தெறிக்கிறது. தானாக அணையும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துத்தானே விற்றீர்கள்?

ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கருவி வேலையில்லாமல் இருந்தால் 20 நிமிடத்துக்குள் நெட்வொர்க் ஸ்டாண்ட்பைக்கு (நெட்வொர்க்கில் கூப்பிட்டால் விழிக்கும் உறக்க நிலை) போக வேண்டும், அந்த நிலையில் 2 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் ஸ்ட்ரீமரின் அடியிலும், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் சிஇ முத்திரை இருக்கிறது. அங்கே ஒழுங்காக அணைவது சென்னைக்கு வந்தால் மட்டும் அணையாதா?

தயவுசெய்து பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றிக் கொடுங்கள். அல்லது பாட்டு ஓடுவது, ரிமோட் அல்லது ஆப்பில் கட்டளை வருவது இவற்றுக்கு மட்டும் டைமர் திரும்ப ஓடும்படி திருத்தி அனுப்புங்கள். இரண்டும் முடியாது என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பில்லும் வாட் மீட்டர் படங்களும் இணைத்திருக்கிறேன்.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவாகும். அதற்கும் அசையாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் வடசென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போகாமல் நீங்களே முடித்துவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்

பி.கு.: ஆள் அனுப்புவதானால் லேன் வயரோடு சோதிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள். ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னவர் வர வேண்டாம்.