பூங்கா ஊஞ்சலுக்கு ஆய்வுப் பதிவேடு உண்டா?

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். பேத்திக்குக் கை எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் மனம் ஆறியது. குழந்தை விழுந்த அந்தச் சறுக்கு மரத்தைக் கடைசியாக எப்போது, யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று நகராட்சியிடம் எழுதிக் கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். கட்டாயம் கேள். எங்கள் பகுதிப் பூங்காக்களுக்காக அதே வேலையில்தான் நானும் இறங்கியிருக்கிறேன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோபத்தில் இருக்கும்போது "ஏன் பராமரிக்கவில்லை, இதற்கு யார் பொறுப்பு" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகத்தின் வசம் இருக்கும் ஆவணங்களைத்தான் தரச் சொல்கிறது. இல்லாத தகவலைப் புதிதாகத் திரட்டித் தர வேண்டிய கடமை அலுவலகத்துக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். இன்ன பூங்காவில் விளையாட்டுக் கருவிகள் அமைத்ததற்கான பணி ஆணை, ஒப்பந்தப் பத்திரம், அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து குறிக்கும் பதிவேடு) அந்தப் பணிக்குரிய பக்கங்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் கருவிகளை ஆய்வு செய்த அறிக்கை அல்லது பதிவேடு, பழுது நீக்கியதற்கான பில், புகார்ப் பதிவேட்டில் அந்தப் பூங்கா பற்றிய பதிவுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும் என்று எழுது. ஆய்வு செய்தவரின் பெயரைக் கேட்காதே, பதவிப் பெயர் போதும். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்க இடமிருக்காது. ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. குறைபாடுகளை ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் பெரும்பாலும் அதில்தான் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் காலம் முடிவதற்குள் நீ விழித்துக்கொண்டால் நிதி இல்லை என்ற பேச்சே எழாது.

நடைமுறை எளிது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள். தகவல் ஏன் வேண்டும் என்று நீ சொல்லத் தேவையில்லை. 6(2) பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது. பேத்திக்கு நேர்ந்ததைத் தனிப் புகாராக எழுது, இந்த மனுவில் கலக்காதே. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. கெடு தாண்டிய பிறகு தரும் நகல்களுக்குக் கட்டணம் வாங்க முடியாது.

பலரும் பயன்படுத்தாத ஓர் உரிமையும் இச்சட்டத்தில் இருக்கிறது. பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம் என்று 2(ஜே) பிரிவு சொல்வதை, மனுவின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகக் கேட்டுவிடு. நான் அப்படிக் கேட்டுத்தான் உதவிப் பொறியாளருடன் எங்கள் பூங்காவுக்குப் போனேன். ஊஞ்சலின் மேல் கம்பியில் சங்கிலி தொங்கும் கொக்கியை ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, வளையம் உரசி உரசிக் கொக்கியின் உட்புறம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. வெளிப்புறம் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழே நின்று பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பெயின்ட் அடித்ததற்கு பில் இருந்தது. கொக்கியைப் பார்த்ததற்கு ஒரு வரிகூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எதை வைத்து அளப்பது என்று கேட்டிருந்தாய். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பாவின் இ.என். 1176 தரநிலை மூன்று அடுக்கு ஆய்வைச் சொல்கிறது: அடிக்கடி கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தேய்மானத்தைச் சோதிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை அடித்தளம் உட்பட முழு ஆய்வு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஒன்பது அங்குலத்துக்குள் உள்ள இடைவெளியில் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும் என எச்சரிக்கிறது; கருவியைச் சுற்றிக் குறைந்தது ஆறடிக்கு மெத்தென்ற தரை வேண்டும் என்கிறது. இவை நம் நகராட்சியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அல்ல. ஆனால் சறுக்கு முடியும் இடத்தில் பேவர் பிளாக் பதித்திருப்பதாக நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பூங்காக் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை; விழும் உயரத்தோடு விழும் தரையும் காயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அழகுக்காகக் கல் பதித்தவர் அதை ஒரு கணம் நினைத்திருந்தால் உன் பேத்தி சிராய்ப்போடு எழுந்து போயிருக்கக்கூடும்.

"அவ்வாறான பதிவேடு ஏதும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதே. எனக்கும் அப்படித்தான் வந்தது. அலுவலர் கையொப்பமிட்டு, தேதியிட்டுத் தரும் அந்த ஒரு வரியைவிட வலுவான ஆவணம் வேறு கிடைக்காது. நானாகச் சொன்னால் குற்றச்சாட்டு என்பார்கள். அவர்களே எழுதிக் கொடுத்ததை யாரும் மறுக்க முடியாது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் நகராட்சிகளின் பணி என்று அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிட்டிருக்கிறது. அதையும் அந்தப் பதிலையும் இணைத்து வார்டு உறுப்பினரிடம் கொடுத்தேன். கொக்கிகளை மாற்றிவிட்டார்கள். மாதந்தோறும் ஆய்வு செய்து, அதன் விவரத்தைப் பூங்கா வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, விடுவதாக இல்லை.

நீ மனு போடும் முன் ஒரு வேலை செய். சறுக்கு மரத்தின் உயரம், கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி, கீழே உள்ள தரை ஆகியவற்றை டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி தேதியுடன் படம் எடுத்து வை. மனு போய்ச் சேர்ந்ததும் அவசரமாகச் சரிசெய்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லக்கூடும். வரைவை எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல். பேத்தியை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்