பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாள் கால் வயிறு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாயை மறுபடி தெருவில் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று கூறியது. பெங்களூருவின் அல்சூர், மர்பி டவுன், பிரேசர் டவுன் பக்கம் எலும்பும் தோலுமான நாயைத் தேற்றிக் கொடுக்க முன்வரும் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தக் கடிதம். அவர்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. முதல் நாளே வயிறு நிறையச் சோறு, அன்றைக்கே குளியல், மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி நின்று தடவிக்கொடுப்பது என்று வரிசைதான் தப்பாகிறது. மூன்றுமே தள்ளிப்போட வேண்டியவை.

உயிரையே பறிப்பது சோறுதான். பல நாள் ஒன்றும் தின்னாத நாயின் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு தட்டுச் சோறோ பாலில் ஊறிய ரொட்டியோ உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். தசை தளரும், மூச்சு வாங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். இது உடனே நடப்பதில்லை. பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள். “நல்லாத்தான் சாப்பிட்டுச்சு, திடீர்னு போயிடுச்சு” என்று சொல்வது இதனால்தான். சோற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நாயின் இன்றைய எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு அதற்கு வேண்டிய கலோரி அது. 12 கிலோ நாய்க்கு 430. தேறிய பிறகு இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் நாள் இதில் கால் பங்கு, அதாவது சுமார் 110 கலோரி: வேகவைத்த முட்டை ஒன்று, தோலும் எலும்பும் இல்லாத வெந்த கோழிக்கறி 20 கிராம். அவ்வளவுதான், அதையும் 5, 6 வேளையாகப் பிரித்து. மறுநாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழு அளவு. பார்ப்பவர்கள் கஞ்சத்தனம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீரும் சிறிது சிறிதாக, அடிக்கடி. எழுந்து நிற்கவே முடியாத நாய்க்கு வீட்டில் எதுவும் கொடுக்க வேண்டாம். ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொண்டே மருத்துவமனையில்தான் உணவைத் தொடங்க வேண்டும். தினமும் ஏதோ கொஞ்சம் தின்று மெலிந்த நாய் என்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

சாம்பார் சோறு எந்த நாய்க்கும் ஆகாது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அது இரட்டை அடி. அந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் எழுதுவார்கள். ஒரு வாரத்தில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏறி, நாய் வாலாட்டத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் திரும்பி வரும். வெறும் வயிற்றில், தண்ணீர் இல்லாமல் கொடுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். தயிரில் மறைத்துக் கொடுத்தால், அதிலுள்ள கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

குளியல் ஒரு வாரம் பொறுக்கட்டும். சடை விழுந்த முடியை நனைத்தால் முடிச்சு இன்னும் இறுகும். கத்தரிக்கோல் தோலையும் சேர்த்து வெட்டிவிடும், முடி வெட்டும் மெஷின்தான் சரி. பல மாதம் கழற்றாத கழுத்துப்பட்டை சதைக்குள் புதைந்திருந்தால் இழுக்காதீர்கள்; மயக்கம் கொடுத்து மருத்துவர் எடுக்க வேண்டியது அது. சொறியில் மனிதருக்கும் தொற்றும் வகை உண்டு, தொற்றாத வகையும் உண்டு. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே மருந்து. பழைய என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் பூசுவது இன்னும் ஒழியவில்லை. நாய் அதை நக்கும், நக்கியது வயிற்றுக்குள் போகும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம். ஃபினாயில் மணக்குமே தவிர, நாய்களுக்கு ரத்த வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பார்வோ வைரஸைக் கொல்லாது. தரையை முதலில் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள். ரேபிஸ் வெளியே தெரிய மாதக்கணக்கும் ஆகலாம் என்பதால், இந்த வேலையில் இறங்குபவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும். கடித்த நாய்க்கு ரேபிஸ் இருக்கிறதா என்று 10 நாள் கவனிப்பது வேறு. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மொட்டை மாடியிலேயே சங்கிலியில் கிடந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது, வழவழத் தரை தெரியாது, சிறுநீருக்கு வெளியே போக வேண்டும் என்பதும் தெரியாது. 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே கூட்டிப்போங்கள், தப்புக்கு அடிக்காதீர்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டைக்கு ஒரு கயிறு, மார்புப்பட்டைக்கு ஒரு கயிறு. முதல் வாரத்தில்தான் உருவிக்கொண்டு ஓடுகின்றன. மூலையில் சுருண்டு கிடப்பதைச் சாது என்று எண்ண வேண்டாம், அது பயத்தில் உறைந்திருக்கிறது. மூன்றாவது வாரம் பயம் விலகியதும் குரைக்கும், கிண்ணத்துக்கு அருகே போனால் உறுமும். “நாய் மாறிடுச்சு” என்று திருப்பிக் கொடுப்பது அப்போதுதான், உண்மையில் அது தேறத் தொடங்கும் நேரத்தில். உறுமுவதற்குத் தண்டித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். கிண்ணத்தில் கை வைக்காமல், தள்ளி நின்று ஒரு துண்டுக் கறியை வீசுங்கள். ஆள் வந்தால் உணவு கூடும் என்று அது பழகட்டும்.

பெங்களூருவின் 5 மாநகராட்சிகளும் தத்து முகாம் நடத்துவோரும் நாயை ஒப்படைக்கும்போது கன்னடம், தமிழ், உருதுவில் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம். அன்றைய எடை, கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி, போட்ட தடுப்பூசிகள், முதல் நான்கு நாள் உணவளவு அதில் இருக்கட்டும். இரவில் அழைக்க ஒரு மருத்துவரின் எண்ணும் வேண்டும். நாய்க்கு முடியாமல் போவது பெரும்பாலும் கிளினிக்கைப் பூட்டிய பிறகுதான்.

இப்படிக்கு,
மீட்பு நாய்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்,
அல்சூர், பெங்களூரு