சங்கீதம் 29இல் கேட்கும் இடி

ஆசிரியர் அவர்களுக்கு,

எபிரேய வேதத்தில் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில்) இடி என்றாலே கடவுளின் கோபம்தான் என்று தங்கள் ஆன்மிகப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. கோபமும் உண்டு, எகிப்தில் இடியோடு இறங்கிய கல்மழை அப்படிப்பட்டதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த வேதத்தின் மிகச் சிறந்த புயல் பாட்டான 29ஆம் சங்கீதம் (துதிப்பாடல்) கைநழுவிப் போகிறது.

எபிரேயத்தில் ‘கோல்’ என்பது குரலையும் குறிக்கும், ஓசையையும் குறிக்கும், இடியையும் குறிக்கும். சீனாய் மலையில் கேட்ட ‘இடிமுழக்கங்கள்’ (யாத்திராகமம் 19:16) இச்சொல்லின் பன்மையான ‘கோலோத்’. 29ஆம் சங்கீதத்தில் ‘கர்த்தருடைய சத்தம்’ என்று நாம் படிப்பதும் இதே ‘கோல்’தான். தமிழில் ஓரிடத்தில் இடி, மற்றோரிடத்தில் சத்தம் என்று பிரிந்துவிட்டதால் சங்கீதத்தில் இடி நம் காதில் விழுவதில்லை. 3 முதல் 9 வரையுள்ள வசனங்களில் அச்சொல்லை எண்ணிப் பாருங்கள்: சரியாக 7 முறை. ஒவ்வொன்றும் ஓர் இடி.

புயல் செல்லும் வழியையும் கவனிக்க வேண்டும். முதலில் திரளான தண்ணீர்கள்மேல் முழங்குகிறது. அடுத்து லீபனோனின் கேதுரு மரங்கள் முறிகின்றன, சீரியோன் துள்ளுகிறது. சீரியோன் என்பது 2,814 மீட்டர் உயரமுள்ள எர்மோன் மலை (உபாகமம் 3:9). 7ஆம் வசனத்தின் அக்கினி ஜுவாலைதான் மின்னல். கடைசியில் காதேஸ் வனாந்தரம் அதிர்கிறது. மத்தியதரைக் கடலிலிருந்து கரையேறும் குளிர்காலப் புயலைக் கண்டவர் பாடிய பாட்டு இது. இத்தனை முழக்கத்துக்குப் பின் அது முடியும் சொல் ‘சமாதானம்’.

பருவம் தெரியாமல் படித்தால், கோதுமை அறுப்பு நாளில் இடியும் மழையும் வரும்படி தீர்க்கதரிசி சாமுவேல் வேண்டுகிற 1 சாமுவேல் 12:17உம் புரியாது. இஸ்ரேல் நாட்டில் மழைக்காலம் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோதுமை அறுப்பு மே, ஜூனில். அந்த நாளில் இடியும் மழையும் வந்ததால்தான் ஜனங்கள் நடுங்கினார்கள். அறுப்புக்கால மழை தகாதது என்று நீதிமொழிகள் 26:1உம் சொல்கிறது.

சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த, பண்டைய உகரித் நகரின் களிமண் பலகைகள், புயல் தெய்வமான பாகாலை ‘மேகங்களில் ஏறி வருபவன்’ என்கின்றன. சங்கீதம் 104:3 மேகங்களை ரதமாக்குகிறவர் கர்த்தர் என்கிறது. பாகாலுக்குரியதாகச் சொல்லப்பட்ட இடியையும் மழையையும் கர்த்தருக்கே உரியதாக்கும் உரிமைக்குரல் அது.

ஓரேப் மலையில் தீர்க்கதரிசி எலியாவுக்குக் கேட்ட ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ கூட ‘கோல்’தான், மூலத்தில் இடியும் மென்மையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இன்றும் இடி கேட்டால் யூதர்கள் சொல்லும் ஆசி மன்னிப்பு வேண்டுவதல்ல. ‘உலகை நிரப்பும் வல்லமையும் ஆற்றலும் உடையவர்’ என்று கடவுளைப் புகழ்வது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்