புளியங்கொட்டையும் சோழியும் போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் சமூகவியல்ல பிஎச்டி பண்றேன், வாடகை வீடு தேடி அலையறவங்கள பத்தின ஆராய்ச்சி. எங்க கோர்ஸ்ல மெத்தடாலஜின்னா சர்வே எடுக்கறது, அத எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல போட்டு டேபிள் எடுக்கறது, அவ்ளோதான். ஏஜென்ட் பேஸ்டு மாடலிங்னு ஒண்ணு, அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்ன ரூல் குடுத்து நகர விட்டு, மொத்தமா என்ன ஆகுதுனு பாக்கறது, அது இருக்கறதே நானா தேடித்தான் தெரிஞ்சுது. கத்துக்கலாம்னு ஒரு இடத்துல போய்க் கேட்டா "ஆர்ட்ஸ் படிச்ச பிள்ளைக்கு கோடிங் எதுக்கும்மா"னு அனுப்பிட்டாங்க. அது இன்னும் மனசுல உறுத்துது, அதான் எழுதறேன்.

இதுக்கு மொதல்ல கம்ப்யூட்டரே வேணாம் ஐயா. தாமஸ் ஷெல்லிங், 2005-ல பொருளாதார நோபல் வாங்கினவரு, அமெரிக்க நகரங்கள்ல வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏன் தனித்தனி ஏரியாவுல இருக்காங்கனு 1971-ல எழுதினாரு, அவரே நாணயத்த கட்டத்துல நகர்த்தித்தான் யோசிச்சிருக்காரு. நான் ஹாஸ்டல் தரையில சாக்பீஸால 64 கட்டம் போட்டு, புளியங்கொட்டை 22, சோழி 22 கலந்து வச்சேன், மிச்சம் 20 காலி. ரூல் ஒண்ணே ஒண்ணு, சுத்தி இருக்கறதுல மூணுல ஒரு பங்காவது தன் இனம், இல்லேன்னா காலி கட்டத்துக்குப் போகணும். அடுத்தவங்க ஆகாதுன்னு யாருமே சொல்லல, மூணுல ரெண்டு பங்கு வேற ஆளா இருந்தாலும் சம்மதம்தான். ஆனா நானும் ரூம்மேட்டும் நகத்தி நகத்தி பாத்தா கொட்டை தனிக் கூட்டம், சோழி தனிக் கூட்டம்னு ஒதுங்கிடுச்சு!

அப்புறம்தான் இந்த மாதிரி மாடல கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற நெட்லோகோ சாஃப்ட்வேர போட்டேன். யூரி விலென்ஸ்கி 1999-ல கொண்டுவந்தது, ஃப்ரீ, ஷெல்லிங்கோட இந்த மாடலும் அதுலயே இருக்கு, கொட்டை சோழிக்குப் பதிலா ரெண்டு கலர் ஆளுங்க. ஆளுக்குப் பேரு டர்டில், கட்டத்துக்குப் பேரு பேட்ச். பக்கத்துல தன் கலர் 30 சதவீதம் போதும்னு வச்சா, முடியும்போது பக்கத்துல சராசரியா 70 சதவீதம் தன் கலராவே வந்து நிக்குது.

ஆனா நம்ம ஊர்ல எல்லாரும் விருப்பப்பட்டா ஒதுங்கறாங்க? வீட்டுக்காரர் சாதி கேட்டுட்டு இல்லேங்கறாரே. (ஷெல்லிங்கும் திட்டமிட்ட பாகுபாடு, பண வசதி எல்லாம் தனிக் காரணம்னு சொல்லித்தான் ஆரம்பிக்கறாரு.) அதனால நெட்லோகோ புரோகிராம்ல ரூல மாத்தினேன், பக்கத்து வீட்டப் பத்தி யாருக்கும் கவலையில்ல, எல்லாரும் அப்பப்ப வீடு மாறுவாங்க, ஆனா சில தெரு மட்டும் ஒரு கலருக்குக் கிடையாது. ஓடி முடிஞ்சா இதுலயும் கலர் ஒதுங்கித்தான் நிக்குது! படத்த மட்டும் பாத்தா காரணம் விருப்பமா மறுப்பானு உறுதியா சொல்ல முடியல. அன்னிக்கே என் சர்வே கேள்விகள மாத்திட்டேன், "ஏன் இந்த ஏரியா பிடிச்சுது"ங்கறத எடுத்துட்டு "எத்தன வீட்ல இல்லேன்னு சொன்னாங்க, என்ன கேட்டுட்டு சொன்னாங்க"னு சேர்த்தேன். ரூல ஒரு வரியா எழுதிப் பாக்காம இருந்திருந்தா எனக்கு இது தோணியிருக்காது.

தமிழ்ல இத சொல்லிக் குடுக்கற பாடம் நான் தேடின வரைக்கும் கிடைக்கல. உங்க மாணவர் பக்கத்துல வாரம் ஒரு மாடல்னு போடுங்க ஐயா. மொத வாரம் அந்த 64 கட்டத்த மட்டும் பெருசா அச்சடிச்சுக் குடுங்க, கொட்டையும் சோழியும் எங்க வீடுகள்லயே இருக்கு.

இப்படிக்கு,
சமூகவியல் ஆய்வு மாணவி, மதுரை